மண்ணுள் இரும்பு கண்டவர்

செம்மண் நிலத்தின் சிவப்பு, இரும்பு தந்த நிறமாகும். வீட்டுச் செங்கல்லிலும் ஆற்று மணலிலும் வயல் வரப்பிலும் இரும்பு கலந்தே இருக்கிறது. ஆயினும் செம்மண்ணைக் கூடையில் அள்ளி உலையிலிட்டு எவரும் இரும்பு வடிப்பதில்லை. இயற்கையில் உலோகம் தனித்தோ பிற தனிமங்களுடன் சேர்ந்தோ கிடைக்கும் பொருள் கனிமம் எனப்படும். எக்கனிமத்திலிருந்து உலோகத்தை எளிதாகவும் செலவுக்குக் கட்டுப்படியாகும் வகையிலும் பிரித்தெடுக்க இயலுமோ அதுவே தாது. தாதுக்கள் யாவும் கனிமங்கள். கனிமங்கள் யாவும் தாதுக்கள் ஆவதில்லை. பாடநூலில் ஒற்றை வரியில் முடிந்துவிடும் இவ்வேறுபாட்டை இந்திய மண்ணில் மலைமலையாக ஏறியிறங்கி ஆராய்ந்தவர் பிரமதநாத் போஸ். இந்தியாவின் முதல் பேரளவு எஃகு ஆலை எங்கே எழ வேண்டும் என்பதை முடிவு செய்ததில் அவர் எழுதிய ஒரு கடிதத்திற்குப் பெரும் பங்கு உண்டு.

இளமையும் கல்வியும்

போஸ் 1855ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் வங்காளத்தில், கோபர்டாங்காவை அடுத்த கைப்பூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். கிருஷ்ணநகர்க் கல்லூரியிலும் பின்னர்க் கொல்கத்தாவின் புனித சவேரியார் கல்லூரியிலும் பயின்றார். கில்கிறிஸ்ட் உதவித்தொகை பெற்று 1874இல் இலண்டன் சென்றார். அக்காலத்தில் இங்கிலாந்துக்குச் சென்ற இந்திய மாணவர் பெரும்பாலோர் வழக்கறிஞராகவோ ஆட்சிப்பணி அலுவலராகவோ திரும்புவதையே குறிக்கோளாகக் கொண்டிருந்தனர். போஸ் அறிவியலைத் தேர்ந்தார். இலண்டன் பல்கலைக்கழகத்தில் இளம் அறிவியல் பட்டம் பெற்றபின், அந்நகரின் அரசச் சுரங்கவியல் கல்லூரியில் சேர்ந்து நிலவியலும் தொல்லுயிரியலும் கற்றார். பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருந்த சிவாலிக் மலை விலங்குப் புதைபடிவங்களை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை, 1880இல் இலண்டன் நிலவியல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து.

அதே 1880இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியேற்றார். 1851இல் தோன்றிய அத்துறையில் இந்தியர் சிலர் பயிற்சியாளராகவும் உதவியாளராகவும் முன்னரே இருந்தனர். ஆனால் தரநிலை அலுவலராக அமர்ந்த முதல் இந்தியர் போஸ்தான். 1882இல் கமலாவை மணந்தார். கமலாவின் தந்தை, ஆங்கிலேய ஆட்சியில் இந்தியா எவ்வாறு வறுமையுற்றது என்பதைப் பின்னாளில் விரிவாக எழுதிய இரமேஷ் சந்திர தத். மாமனார் ஏட்டில் ஆராய்ந்த கேள்வியை மருமகன் மண்ணில் ஆராய்ந்தார் என்று கொள்ளலாம்.

கல்லைப் படித்தல்

நிலவியல் அலுவலரின் ஆண்டு இரு பகுதிகளாகப் பிரிந்திருந்தது. குளிர்காலம் முழுவதும் கூடாரத்தில் வாழ்க்கை. காடும் மலையும் ஆற்றுப்படுகையுமே அலுவலகம். கோடையும் மழையும் தொடங்கியதும் கொல்கத்தாவுக்குத் திரும்பி, திரட்டி வந்த கற்களைச் சோதித்து, வரைபடம் தீட்டி, அறிக்கை எழுத வேண்டும். நருமதைப் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதி, இரேவா, இராய்ப்பூர், ஜபல்பூர், டார்ஜிலிங், சிக்கிம், பர்மாவின் தெனாசெரிம் என நீண்டது போஸின் களப்பயணம்.

களத்தில் அவரிடம் ஆய்வுக்கூடம் இல்லை. ஒரு சுத்தியல், ஓர் உருப்பெருக்கி, ஒரு திசைகாட்டி, மெருகிடாத வெண்பீங்கான் துண்டு ஒன்று ஆகியவையே ஒரு நிலவியலாளரின் முதன்மைக் கருவிகள். கல்லின் மேற்புற நிறம் ஏமாற்றும். அதனைப் பீங்கானில் உரசினால் விழும் கோட்டின் நிறம் பெரும்பாலும் ஏமாற்றாது. ஹேமடைட் கருமையாக மின்னினாலும் அதன் கோடு செம்பழுப்பாகவே விழும். மேக்னடைட்டின் கோடு கருமை. அதனருகில் திசைகாட்டியின் முள் நிலைகொள்ளாமல் அலையும். லிமோனைட்டின் கோடு மஞ்சள் கலந்த பழுப்பு. பொன்னைப்போல் ஒளிவிடும் இரும்புப் பைரைட்டோ பசுமை கலந்த கருங்கோடு போடும்.

இந்நான்கிலும் இரும்பு உண்டு. தூய ஹேமடைட்டில் 70 விழுக்காடும் மேக்னடைட்டில் 72 விழுக்காடும் இரும்பு. இவை இரண்டும் ஆக்சைடுகள். லிமோனைட் நீர் சேர்ந்த ஆக்சைடு. அதில் இரும்பின் அளவு சற்றுக் குறையும். இரும்பின் கார்பனேட்டாகிய சிடரைட்டில் 48 விழுக்காடு இரும்புதான் இருக்கிறது. எனினும் அதனைச் சுட்டாலே கார்பன் டைஆக்சைடு நீங்கி ஆக்சைடாக மாறிவிடும். ஆகவே அதுவும் தாதுதான். பைரைட்டில் ஏறத்தாழ 47 விழுக்காடு இரும்பு இருந்தும் அதனை எவரும் இரும்புத்தாதாகக் கொள்வதில்லை. அதிலுள்ள கந்தகம் எளிதில் முழுமையாக விலகாது. சிறிதளவு கந்தகம் எஞ்சினாலும், சூட்டில் தட்டும்போது இரும்பு வெடித்துப் போகும்.

1880களின் இறுதியில் ஜபல்பூர்ப் பகுதியின் மாங்கனீசுத் தாதுக்களைப் போஸ் ஆராய்ந்தார். மாங்கனீசு தனித்து நின்று பெரிதாக எதற்கும் பயன்படுவதில்லை. எஃகு உருகும்போது சிறிதளவு சேர்த்தால் அதிலுள்ள ஆக்சிஜனையும் கந்தகத்தையும் அது கவர்ந்துகொண்டு எஃகை உறுதியாக்குகிறது. எஃகு ஆலை இல்லாத நாட்டில் மாங்கனீசுத் தாதுக்கு வேலை ஏது? வெட்டியெடுத்தால் கப்பலேற்றி அனுப்ப வேண்டியதுதான்.

1891இல் வெளிவந்த சிக்கிம் அறிக்கையில் அவர் செம்புத் தாதுக்களைப் பற்றி எழுதினார். செம்பும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த காப்பர் பைரைட் அங்குப் பாறைகளின் இடையே படிந்திருந்தது. மலைச்சரிவில் குகைபோலக் குடைந்து, நேபாள மக்கள் அதனை வெட்டியெடுத்து வந்தனர். சல்பைடுத் தாதுவிலிருந்து உலோகத்தைப் பெறும் வழி ஆக்சைடினின்றும் மாறுபட்டது. முதலில் காற்றோட்டத்தில் வறுத்துக் கந்தகத்தின் ஒரு பகுதியைப் புகையாக்க வேண்டும். பின்னர் மணலைச் சேர்த்து உருக்கி இரும்பைக் கசடாகப் பிரிக்க வேண்டும். இத்தனை உழைப்பும் இருந்தபோதிலும், செம்பின் விலை மிகுதியாதலால், பாறையில் சில விழுக்காடு செம்பு இருந்தாலே அது தாதுவாகிவிடுகிறது. சில விழுக்காடு இரும்பு மட்டுமே கொண்ட பாறையையோ சுரங்கத்தார் திரும்பிப் பார்ப்பதில்லை. எனவே எத்தனை விழுக்காடு இருந்தால் தாது என்னும் கேள்விக்கு எல்லா உலோகங்களுக்கும் பொதுவான ஒரே விடை கிடையாது.

இராய்ப்பூர் அறிக்கை

போஸின் எழுத்துகளுள் பின்னாளில் பெருவிளைவைத் தந்தது 1887இல் ஆய்வுத்துறையின் வெளியீட்டில் அச்சான ஒரு கட்டுரை. இராய்ப்பூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் நிலவிய இரும்புத் தொழிலைப் பற்றியது அது. தல்லி, ராஜ்ஹரா என்னும் மலைகளில் வளமான ஹேமடைட் குவிந்திருப்பதை அக்கட்டுரை பதிவு செய்தது.

அப்பகுதியின் மக்கள் அம்மலைகளை முன்பே அறிந்திருந்தனர். மத்திய இந்தியக் காடுகளில் அகரியா போன்ற பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக இரும்பு வடித்து வந்தனர். ஆளுயரத்துக்கும் குறைவான களிமண் உலையில் மரக்கரியையும் பொடித்த தாதுவையும் மாறி மாறி இடுவர். தோல் துருத்தியைக் காலால் மிதித்துக் காற்று செலுத்துவர். பல மணி நேரத்திற்குப் பின் உலையின் அடியில் பஞ்சுபோலத் துளைகள் நிறைந்த இரும்புக் கட்டி ஒன்று திரளும். அதனைச் சூட்டோடு அடித்துக் கசடு நீக்கினால் கொழுவுக்கும் கோடரிக்கும் ஏற்ற நல்லிரும்பு கிடைக்கும். காடு குறைந்து மரக்கரி அரிதானதும் இங்கிலாந்து இரும்பு மலிவாக வந்து இறங்கியதும் அத்தொழிலை நசுக்கின.

இவ்விடத்தில் தமிழகத்தின் பட்டறிவு ஒன்றும் நினைக்கத்தக்கது. 1830ஆம் ஆண்டளவில் ஜோசையா ஹீத் என்னும் ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் ஓர் இரும்பாலையை நிறுவினார். சேலத்து மேக்னடைட் தாது அதற்கு மூலப்பொருள், எரிபொருள் மரக்கரி. தாதுக்குக் குறைவில்லை. ஆனால் பெரிய உலைகளின் பசிக்கு மரக்கரி ஈடுகொடுக்க இயலவில்லை. ஆலை நட்டத்தில் மூழ்கி நாளடைவில் மூடப்பட்டது. மலையளவு தாது இருந்தும் எரிபொருள் எட்டாத தொலைவில் இருந்தால் அம்மலை வெறும் கல்மலையே.

பேரளவு இரும்பாக்கத்தில் எரிபொருள் என்பது வெறும் சூடு தருவது மட்டுமன்று. ஊதுலையின் மேல்வாயில் தாது, கல்கரி, சுண்ணாம்புக்கல் மூன்றையும் இடுகின்றனர். கீழிருந்து சூடான காற்று செலுத்தப்படுகிறது. கல்கரி எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அவ்வாயு தாதிலுள்ள ஆக்சிஜனைப் பறித்து இரும்பை விடுவிக்கிறது. தாதுவோடு கலந்துவந்த மணற்சத்து சுண்ணாம்போடு கூடிக் கசடாகி, உருகிய இரும்பின் மேல் மிதக்கிறது. மேலிருந்து அழுத்தும் பாரத்தால் நொறுங்காத உறுதியும், காற்று ஊடுருவும் துளைகளும் கல்கரிக்கு வேண்டும். எல்லா நிலக்கரியும் அத்தகைய கல்கரியைத் தருவதில்லை. சிலவகை நிலக்கரியே சூட்டில் இளகி, உப்பி, இறுகும் இயல்புடையது. இந்தியாவில் அத்தகைய நிலக்கரி பேரளவில் கிடைத்த இடம் கிழக்கே இருந்த ஜாரியா. தல்லி-ராஜ்ஹராவிலிருந்து அது நெடுந்தொலைவு.

இராய்ப்பூர் அறிக்கை அலமாரியில் அமர்ந்தது. ஆளும் அரசுக்கு இந்தியாவில் எஃகு ஆலை எழ வேண்டும் என்னும் விரைவு இல்லை.

பதவி துறந்தமை

போஸ் ஆய்வுத்துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். அவ்வாண்டுகளில் வேறொரு சிந்தனையும் அவரிடம் வளர்ந்தது. நாட்டில் கனிமம் இருந்து என்ன பயன், அதனை உலோகமாக்கத் தெரிந்த கைகள் இல்லாவிடில்? வங்காளத்தில் தொழில்நுட்பக் கல்வியும் அறிவியல் கல்வியும் வேண்டும் என வலியுறுத்தி 1886இலேயே ஒரு சிறுநூல் எழுதினார். பிரித்தானிய ஆட்சிக்கால இந்து நாகரிக வரலாற்றை மூன்று தொகுதிகளாக எழுதி 1890களில் வெளியிட்டார். பகலில் பாறையையும் இரவில் ஏட்டையும் புரட்டியவர் அவர்.

1903இல் துறையின் இயக்குநர் பதவி வெற்றிடமாயிற்று. பணிமூப்பில் முன்னிருந்த போஸைத் தாண்டி, அவருக்குப் பத்தாண்டு பின்னர்த் துறையில் சேர்ந்த தாமஸ் ஹாலந்து இயக்குநராக்கப்பட்டார். ஹாலந்து தகுதியற்றவர் அல்லர். சென்னையை அடுத்த பரங்கிமலைப் பாறையை ஆராய்ந்து அதற்குச் சார்னோக்கைட் என்னும் பெயரைச் சூட்டியவர் அவரே. ஆனால் ஹாலந்தின் தகுதி போஸின் மூப்பைப் புறந்தள்ளுவதற்குப் போதுமான காரணம் ஆகாது. இந்தியர் ஒருவரின் கீழ் ஆங்கிலேயர் பணிபுரியும் நிலை வரலாகாது என்பதே அக்கால ஆட்சியின் எழுதாத விதி. தம்மினும் இளையவரின் கீழ் பணியைத் தொடரப் போஸ் விரும்பவில்லை. ஓய்வூதியக் கணக்கைப் பார்த்துக்கொண்டு இன்னும் சில ஆண்டுகளைத் தள்ளியிருக்கலாம். அவர் பணியைத் துறந்தார்.

ஆய்வுத்துறை இழந்த அறிஞரை மயூர்பஞ்சு சமஸ்தானம் ஏற்றுக்கொண்டது. இன்றைய ஒடிசாவின் வடபகுதியில் உள்ள அந்நாட்டை அப்போது ஆண்டவர் ஸ்ரீராமச்சந்திர பஞ்ச தேவ். தம் நாட்டின் கனிவளத்தை அறிய விரும்பிய அம்மன்னர் போஸை நிலவியலாளராக அமர்த்தினார். சால் மரங்கள் அடர்ந்த, யானைகள் உலவும் காடுகளின் நடுவே கோருமகிசானி என்னும் மலை ஏறத்தாழ 3,000 அடி உயர்ந்து நிற்கிறது. அங்கு நிலத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை. மலையினின்று பெயர்ந்து உருண்ட தாதுக் கட்டிகள் சரிவெங்கும் சிதறிக் கிடந்தன. சுமை கூலியாள் ஒருவர் கூடையில் பொறுக்கிச் சேர்க்கலாம் போன்ற எளிமை. பதாம்பகார், சுலைபாட் முதலிய அருகிருந்த மலைகளிலும் இரும்பு இருந்தது.

இருவர் தேடிய ஒன்று

அதே காலத்தில், நாட்டின் மற்றொரு புறத்தில் ஜாம்ஷெட்ஜி டாடா இரும்பைத் தேடிக்கொண்டிருந்தார். இந்தியாவுக்கென ஓர் எஃகு ஆலை என்பது அவரது இருபதாண்டுக் கனவு. மத்திய மாகாணத்தின் சந்தா மாவட்டத்திலுள்ள லோகரா மலையின் தாதுவைப் பற்றி ஜெர்மானிய வல்லுநர் ஒருவர் எழுதிய அறிக்கையை 1882இல் படித்ததிலிருந்து அக்கனவு தொடங்கியது. அண்மையில் வரோராவில் நிலக்கரி இருந்தது. ஆனால் அது கல்கரியாக மாறாத வகை. சுரங்க உரிமை பற்றிய அரசு விதிகளும் இந்தியத் தொழில் முனைவோருக்கு இடம் தருவனவாக இல்லை. 1899இல் விதிகள் தளர்ந்த பின்னரே டாடா மீண்டும் முயன்றார். அமெரிக்காவுக்குச் சென்று சார்லஸ் பேஜ் பெரின் என்னும் பொறியாளரின் துணையை நாடினார். பெரினின் கூட்டாளியான சி. எம். வெல்டு 1903இல் இந்தியா வந்து சந்தா மாவட்டக் காடுகளில் அலைந்தார். மாட்டுவண்டிப் பயணம், குடிநீர்த் தட்டுப்பாடு, கோடை வெயில் ஆகிய எல்லாவற்றுக்கும் பிறகு கிடைத்தது ஏமாற்றமே. பேராலைக்குப் போதுமான தாது அங்கு இல்லை.

முயற்சியைக் கைவிடும் முடிவை அதிகாரியிடம் தெரிவிக்க ஜாம்ஷெட்ஜியின் மகன் தோராப்ஜி நாகபுரிக்குச் சென்றார். அதிகாரி வரும்வரை பொழுதைக் கழிக்க எதிரிலிருந்த அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தார். அங்கு மத்திய மாகாணத்தின் நிலவியல் வரைபடம் ஒன்று இருந்தது. துர்க் பகுதி இரும்பைக் குறிக்கும் அடர்நிறத்தில் தீட்டப்பட்டிருந்ததைக் கண்டார். வெல்டிடம் அதனைக் காட்டினார். அவ்விடத்தைப் பற்றிய விவரம் தேடியபோது கையில் அகப்பட்டது, போஸின் 1887ஆம் ஆண்டு அறிக்கை. பதினாறு ஆண்டு தூசி தட்டப்பட்டது.

தல்லி-ராஜ்ஹரா மலைமேல் ஏறியவர்களின் காலடியில், உலோகத் தளத்தின்மீது நடப்பதுபோன்ற ஓசை எழுந்ததாம். தாதுவில் 60 விழுக்காட்டுக்கும் மேல் இரும்பு. போஸ் எழுதியது மிகையன்று என்பது உறுதியாயிற்று. இருப்பினும் பழைய சிக்கல் அங்கேயே நின்றது. கல்கரிக்கேற்ற நிலக்கரியும் நிறைவான நீரும் எங்கே? மகாநதிக் கரையில் சம்பல்பூர்ப் பகுதியில் ஆலை அமைக்கலாமா என ஆராயத் தொடங்கினர்.

அந்நிலையில்தான், 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள், போஸ் ஜாம்ஷெட்ஜிக்குக் கடிதம் எழுதினார். மயூர்பஞ்சில் மிகவளமான இரும்புத்தாது கண்டிருப்பதை அதில் தெரிவித்தார். ஜாரியா நிலக்கரி அதற்கு எட்டும் தொலைவில் இருப்பதையும் சுட்டிக்காட்டினார். அவர் தாதுவை மட்டும் எழுதி நிறுத்தியிருந்தால், கண்டறிந்த மலைகளின் பட்டியலில் மேலும் ஒன்று கூடியிருக்கும், அவ்வளவே. ராஜ்ஹரா மலையை வெளிக்கொணர்ந்த அதே கை எழுதிய கடிதம், ராஜ்ஹராவைக் கைவிடச் செய்தது. தம் முந்தைய கண்டுபிடிப்பின்மீது பற்று வைத்து வாதிடாத இந்நேர்மை எண்ணிப் பார்க்கத்தக்கது.

கடிதம் வந்தபோது ஜாம்ஷெட்ஜியின் உடல்நலம் குன்றியிருந்தது. அவ்வாண்டு மே 19ஆம் நாள் ஜெர்மனியில் அவர் மறைந்தார். கோருமகிசானி மலையை அவர் கண்ணால் காணவில்லை. பணி தோராப்ஜியின் தோளில் விழுந்தது. பெரினும் வெல்டும் மயூர்பஞ்சுக் காட்டுக்குள் சென்று, போஸ் குறித்திருந்த இடங்களில் மாதிரிகள் திரட்டிச் சோதித்தனர். ஒரு மலையைத் தாது எனத் தீர்மானிக்க ஒரு கைப்பிடிக் கல் போதாது. குறித்த இடைவெளிகளில் குழி வெட்டி, படிவத்தின் கனத்தை அளந்து, ஒவ்வொரு குழியின் மாதிரியிலும் இரும்பு, மணற்சத்து, பாஸ்பரஸ், கந்தகம் ஆகியவற்றைக் கணக்கிட வேண்டும். கணக்கு நிறைவளித்தது. தாது எடுக்கும் உரிமையை மயூர்பஞ்சு மன்னர் வழங்கினார்.

சாக்சி

ஆலைக்கு இடம் தேடும் பணி மேலும் சில காலம் நீண்டது. ஒரு டன் இரும்பை வடிக்க அக்காலத்தில் ஒன்றரை டன்னுக்கும் மேற்பட்ட தாதுவும், ஒரு டன்னுக்கும் மேற்பட்ட கல்கரியும், அவற்றோடு சுண்ணாம்புக்கல்லும் வேண்டியிருந்தன; குளிர்விக்க நீரும் ஓயாமல் ஓட வேண்டும். இவற்றைச் சுமந்துவரும் கூலியே ஆலையின் வாழ்வையும் வீழ்ச்சியையும் முடிவு செய்யும். இறுதியில், சுபர்ணரேகா, கார்காய் என்னும் ஈராறுகள் கூடுமிடத்தருகே இருந்த சாக்சி என்னும் சிற்றூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. கோருமகிசானி அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருந்தது. ஜாரியா இருநூறு கிலோமீட்டருக்குள். காளிமாட்டி இரயில் நிலையம் அருகிலேயே இருந்தது.

டாடா இரும்பு எஃகு நிறுவனம் 1907ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் பதிவாயிற்று. இலண்டன் முதலீட்டாளர் தயங்கியபோது இந்தியரிடமே பங்குகள் விற்கப்பட்டன. சுதேசி உணர்ச்சி கொழுந்துவிட்டெரிந்த காலம் அது. ஏறத்தாழ 8,000 பேர் மூன்றே வாரங்களில் முதலீடு முழுவதையும் திரட்டித் தந்தனர். 1911 டிசம்பரில் முதல் வார்ப்பிரும்பு வடிந்தது. 1912 பிப்ரவரியில் முதல் எஃகு உருவாயிற்று. 1919இல் சாக்சிக்கு ஜாம்ஷெட்பூர் எனப் பெயர் மாறியது. நகரம் டாடாவின் பெயரைத் தாங்கியது முறையே. கடிதம் எழுதியவரின் பெயர் அந்நகரத்துக்கு வெளியே பலருக்கும் தெரியாமல் போயிற்று.

பிற்காலம்

ஆலைக்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருக்கையிலேயே போஸ் வேறொரு பணியில் இறங்கியிருந்தார். வங்கப் பிரிவினையை எதிர்த்து எழுந்த சுதேசி இயக்கத்தின் பயனாக, 1906 ஜூலையில் கொல்கத்தாவில் வங்கத் தொழில்நுட்ப நிலையம் தொடங்கப்பட்டது. அதன் முதல் முதல்வராகப் போஸ் பொறுப்பேற்றார். இருபது ஆண்டுகளுக்கு முன் சிறுநூலில் வேண்டிய கல்வியைத் தாமே முன்னின்று நடத்தும் வாய்ப்பு வந்தது. அரசின் உதவியை நாடாமல் நடந்த அந்நிலையமே படிப்படியாக வளர்ந்து, 1955இல் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகம் ஆயிற்று.

முதுமையில் அவருடைய சிந்தனை எதிர்பாராத திசையில் திரும்பியது. மேலை நாடுகளின் தொழில் நாகரிகத்தை இந்தியா கண்மூடிப் பின்பற்றுவதை ஐயுற்று நூல்கள் எழுதினார். பேராலைக்கு வழிகாட்டியவரே ஆலைப்பெருக்கத்தை எச்சரித்தது முரணாகத் தோன்றலாம். அகரியாவின் சிறு உலை அணைந்ததையும் சாக்சியின் பேருலை எரிந்ததையும் ஒரே வாழ்நாளில் கண்டவருக்கு இவ்வையம் எழுந்ததில் வியப்பில்லை. இக்கருத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் ஆய்வுக்குரியது. இராஞ்சியில் வாழ்ந்த போஸ், 1934ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள், தம் எழுபத்தெட்டாம் வயதில் மறைந்தார்.

ஜாரியாவுக்குத் தொலைவு என்பதால் கைவிடப்பட்ட தல்லி-ராஜ்ஹராவோ விடுதலைக்குப் பின்னும் காத்திருந்தது. சோவியத் நாட்டின் துணையுடன் பிலாயில் அரசு எஃகு ஆலை அமைந்தபோது, மலைக்கும் ஆலைக்கும் இடையே இரயில் பாதை இடப்பட்டது; கல்கரிக்கான நிலக்கரி ஜாரியா முதலிய தொலைவிடங்களிலிருந்து இரயிலிலேயே வந்து சேர்ந்தது. 1959 பிப்ரவரி 4ஆம் நாள் பிலாய் ஆலையின் முதல் ஊதுலையைக் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் தொடங்கி வைத்தார். அவ்வுலைக்குச் சென்ற தாது, எழுபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் போஸின் அறிக்கையில் இடம்பெற்ற ராஜ்ஹரா மலையிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டது.